புதிதாக வந்த குடும்பங்களுக்கு: சிங்கப்பூரில் பிள்ளைகளோடு முதல் சில சனி ஞாயிறுகள்

வந்த புதிதில் வாடகை, முன்பணம், பாத்திரம் பண்டம் என்று கையிருப்பு கரைந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ், விலங்கியல் தோட்டம் என்று நாலு பேருக்கு டிக்கெட் எடுத்தால் முதல் சம்பளம் தாங்காது. டிக்கெட் வாங்கிப் போகும் இடங்களையெல்லாம் ஊரிலிருந்து தாத்தா பாட்டி வரும்வரை தள்ளி வையுங்கள். அவர்கள் வந்தால் எப்படியும் போகத்தான் போகிறீர்கள். அதுவரை பிள்ளைகளுக்கு இந்த ஊர் பழக வேண்டும். அதற்கான இடங்களில் பெரும்பாலானவை இலவசம், எம்ஆர்டி ரயிலிலேயே போய்விடலாம்.

முதலில் நேரம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே வருடம் முழுக்கக் காலை ஏழு மணியை ஒட்டித்தான் விடியும், மாலை ஏழு மணியை ஒட்டித்தான் இருட்டும். ஏழரைக்குக் கிளம்பிப் பத்தரைக்குள் வீடு திரும்புங்கள், இல்லாவிட்டால் நாலரைக்கு மேல் போங்கள். நடுப்பகல் வெயிலும் புழுக்கமும் சின்னப் பிள்ளைகளை வாட்டிவிடும். மத்தியானத்துக்கு மேல் இடியோடு மழை பிடிப்பதும் சகஜம். பையில் குடை, துண்டு, மாற்றுடை மூன்றும் எப்போதும் இருக்கட்டும்.

முதல் சனிக்கிழமைக்கு நான் சொல்வது பூமலை. தாவரவியல் பூங்காவைத் தமிழர்கள் இங்கே அப்படித்தான் சொல்வார்கள். 1859இல் தொடங்கிய தோட்டம், 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் கட்டணம். தோட்டம் காலை ஐந்திலிருந்து நள்ளிரவு வரை திறந்தே இருக்கும். போகும்போது பிள்ளையின் கையில் ஒரு ஐந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டைக் கொடுங்கள். அதன் பின்பக்கத்தில் ஒரு மரம் இருக்கும். அது பூமலையில் நிற்கும் தெம்புசு மரம். தோட்டம் உருவாவதற்கு முன்பே அங்கே நின்ற மரம் அது. தரையை ஒட்டி ஒரு கிளை கிடைமட்டமாக நீண்டிருக்கும், சுற்றி வேலி போட்டிருப்பார்கள். நேப்பியர் நிலையத்தில் இறங்கினால் பக்கம். என் மகள் நோட்டை உயர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, படத்திலிருக்கும் கிளையையும் எதிரே நிற்கும் கிளையையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்பா, இதேதான்!” என்று அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. வந்து பத்தே நாள் ஆன பிள்ளைக்கு இந்த ஊரில் தெரிந்த ஒன்று என்று அந்த மரம் அமைந்தது.

தோட்டத்தின் மறுமுனையில், பொட்டானிக் கார்டன்ஸ் நிலையத்துப் பக்கம், ஜேக்கப் பாலஸ் சிறுவர் பூங்கா இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வராத பெரியவர்களுக்கு அங்கே அனுமதி கிடையாது. திங்கட்கிழமை விடுமுறை என்பதால் பார்த்துப் போங்கள்.

அடுத்தது பீஷான் - ஆங் மோ கியோ பூங்கா. எனக்கு இந்த ஊரிலேயே மிகவும் பிடித்த இடம். முன்பு அங்கே காலாங் ஆறு நேர்கோடாக ஒரு கான்கிரீட் கால்வாயில் ஓடியது. அந்தக் கால்வாயை உடைத்து, புல்லும் பாறையுமாக வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றி, 2012இல் திறந்துவிட்டார்கள். பிறகு நீர்நாய்களும் அங்கே வரத் தொடங்கின. ஒருநாள் காலை எட்டு மணிக்கு எங்கள் எதிரிலேயே ஐந்து நீர்நாய்கள் கரையேறி, புல்லில் புரண்டு உடம்பைத் துவட்டிக்கொண்டன. ஒன்று மட்டும் முன்கால்களில் மீனைப் பிடித்துத் தலையிலிருந்து கடித்துத் தின்றது. முள் நொறுங்கும் சத்தம்கூடக் கேட்டது. கிட்டே போகாதீர்கள், குட்டியோடு இருந்தால் இன்னும் தள்ளியே நில்லுங்கள். தீனி எதுவும் போடக் கூடாது, இங்கே அது சட்டப்படி குற்றம். இன்னொன்று, மழை வந்தால் ஆற்றில் தண்ணீர் சட்டென்று ஏறும். எச்சரிக்கை ஒலி கேட்டதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு வந்துவிடுங்கள்.

கரையோரப் பூந்தோட்டங்களில் (கார்டன்ஸ் பை தி பே) கண்ணாடிக் குடில்களுக்குத்தான் டிக்கெட். சிறுவர் தோட்டத்தின் தண்ணீர் விளையாட்டும், மரம்போல் கட்டிய ராட்சத கோபுரங்களான ‘சூப்பர்ட்ரீ’ மரங்களின் கீழே தினமும் இரவு 7:45க்கும் 8:45க்கும் நடக்கும் ஒளி ஒலிக் காட்சியும் இலவசம். சிறுவர் தோட்டத்துக்கும் திங்கள் விடுமுறை. மின்னல் அபாயம் என்றால் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள், பிள்ளை அடம்பிடிக்கும் என்று தயாராகப் போங்கள். காட்சியை நின்றுகொண்டு பார்க்காதீர்கள். ஒரு போர்வையை விரித்து மல்லாந்து படுத்துவிடுங்கள். 25 முதல் 50 மீட்டர் உயர மரங்களை அப்படிப் பார்ப்பதுதான் சுகம்.

விளையாட்டுத் திடல்களில் இரண்டு. உட்லண்ட்ஸ் பக்கம் அட்மிரல்டி பூங்காவில் 26 சறுக்குமரங்கள். தோ பாயோவில் 1979இல் கட்டிய டிராகன் திடல், வண்ணச் சில்லுகள் பதித்தது, கீழே மணல்.

மழை நாளில் நூலகம். பல நூலகங்களில் தமிழ்ச் சிறுவர் நூல்கள் உண்டு. வேலை பாஸ் போன்ற அனுமதியில் இருப்பவர்கள் புத்தகம் இரவல் வாங்க ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும், ஆனால் அங்கேயே உட்கார்ந்து படிக்கக் கட்டணம் இல்லை.

லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்கு எப்படியும் காய்கறி வாங்கப் போவீர்கள். அப்படியே பக்கத்தில் கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்தையும் பார்த்துவிடுங்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அங்கே இலவசம், நமக்குக் கட்டணம் உண்டு. இருந்தாலும் நமக்கு முன்னால் இங்கே வந்து பாடுபட்டவர்களின் கதை அது. பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்ள அந்தக் காசைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

போக்குவரத்தைப் பற்றி மூன்று விஷயம். 0.9 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்கு ரயிலிலும் பேருந்திலும் கட்டணம் இல்லை. தள்ளுவண்டியை மடிக்காமலே பேருந்தில் ஏற்றலாம். எம்ஆர்டிக்குள் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, தண்ணீர்கூட. அபராதம் 500 வெள்ளி வரை போகும். தயிர்சாதத்தைப் பூங்காவில் வைத்துச் சாப்பிடுங்கள்.

சரி, தாத்தா பாட்டி வந்துவிட்டார்களா? இப்போது மண்டாய் விலங்கியல் தோட்டத்துக்குப் போகலாம். காத்திப் நிலையத்திலிருந்து ஷட்டில் பேருந்து ஓடுகிறது. டிக்கெட் வாங்கும் முன் உள்ளூர்வாசிக் கட்டணம் பாஸ் வைத்திருப்பவர்களுக்கும் உண்டா என்று பாருங்கள், பல இடங்களில் உண்டு. செந்தோசாவில் கடற்கரையும் மாலைக் காற்றும் பெரியவர்களுக்குப் போதும்.

அப்புறம், அவர்கள் ஊர் திரும்பும் நாளில் சாங்கி விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் முன்கூட்டியே கிளம்புங்கள். விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் வளாகத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கூரை வழியே கொட்டும் அருவியைப் பார்க்கக் கட்டணம் இல்லை. தாத்தா உள்ளே போனதும் அழத் தொடங்கிய எங்கள் சின்னவனை அங்கேதான் திரும்பக் கூட்டிக்கொண்டு போனோம். சாரல் முகத்தில் படும் தூரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு ரயிலேறினோம்.