சாவியை வாசல் ஆணியில் மாட்டாதீர்கள்: மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு

வட சென்னையின் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைத் தெருக்களில் வீட்டுச் சுவரும் கார்க் கதவும் ஒட்டியே நிற்கும். தனியாக ஷெட் கிடையாது. வாசலை ஒட்டி நிறுத்தி, பக்கக் கண்ணாடியை மடக்கி, ஆட்டோ போக வழி விட்டாலே பெரிய விஷயம். உள்ளே நுழைந்ததும் சாவியை வாசற்கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுவது வழக்கம். பழைய இரும்புச் சாவிக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மின்சாரக் காரின் ரிமோட் சாவிக்கு அதைவிட மோசமான இடம் வேறு இல்லை.

கைப்பிடியைத் தொட்டதும் கார் 125 கிலோஹெர்ட்ஸில் 'பக்கத்தில் இருக்கிறாயா?' என்று குரல் கொடுக்கும். அந்தக் குரல் ஒன்று ஒன்றரை மீட்டர்தான் எட்டும். கேட்ட சாவி விழித்து, பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில், ரகசியக் குறியீட்டோடு பதில் சொல்லும். பதில் பொருந்தினால் பூட்டு திறக்கும். உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தும்போது இதே பேச்சு மறுபடி நடக்கும். அதற்குப் பிறகுதான் பெரிய பேட்டரியை மோட்டாரோடு சேர்க்கும் காண்டாக்டர் என்ற சுவிட்ச் 'டக்' என்று விழும்.

ஆணியில் தொங்கும் சாவிக்கும் காருக்கும் நடுவில் இருப்பது ஒரு செங்கல் சுவர். செங்கல் இந்த அலைகளைத் தடுக்காது. அதனால் தெருவில் போகிறவர் கைப்பிடியைத் தொட்டாலும் கதவு திறந்துகொள்ளலாம். நெருங்கினாலே திறக்கும் கார்களில் சாவி ஓயாமல் பதில் சொல்லி அதன் செல் (உள்ளே இருக்கும் சின்ன வட்ட பேட்டரி) சீக்கிரம் தீரும். காரும் ஆழ்ந்து தூங்காமல் விழித்து விழித்துத் தன் சிறிய 12 வோல்ட் பேட்டரியைக் கரைக்கும்.

இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். சாவியை வழக்கமான இடத்தில் வைத்துவிட்டு, வீட்டில் ஒருவரைக் கைப்பிடியைத் தொடச் சொல்லுங்கள். திறந்தால் சாவியை ஒவ்வொரு மீட்டராக உள்ளே தள்ளி வையுங்கள். திறக்காத இடம் கிடைத்ததும் அங்கிருந்து இன்னும் 3 மீட்டர் தள்ளி, பின்கட்டு அறையிலோ பீரோவிலோ இடம் கொடுங்கள்.

திருடர்கள் இந்தப் பேச்சையே பயன்படுத்துகிறார்கள். ஒருவன் ஒரு கருவியோடு காருக்குப் பக்கத்தில் நிற்பான், இன்னொருவன் வீட்டுச் சுவரை ஒட்டி நிற்பான். காரின் குரலை இவன் அவனுக்குக் கடத்த, அவன் சுவருக்கு உள்ளே இருக்கும் சாவிக்குக் கேட்க வைப்பான். சாவி தன் கார் பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பிப் பதில் சொல்லிவிடும். குறியீட்டை உடைக்க வேண்டிய தேவையே இல்லை. அல்ட்ரா வைடுபேண்ட் உள்ள புதிய சாவிகள் அலை போய் வரும் நேரத்தை அளந்து தூரத்தைக் கணக்கிடுவதால் இந்த ஏமாற்று அங்கே பலிப்பது கடினம். மற்றவற்றுக்கு மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா நல்ல காவல். ஆனால் சோதிக்காமல் நம்பக் கூடாது. சாவியை டப்பாவில் போட்டு மூடி, காரின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கைப்பிடியைத் தொடுங்கள். கதவு திறந்தால் மூடி சரியில்லை என்று அர்த்தம், வேறு டப்பா பாருங்கள். கடையில் விற்கும் கவச உறைகளுக்கும் இதே சோதனைதான். மடிக்கும் இடத்தில் உள்துணி கிழிந்துவிட்டால் உறை வீண். காரின் செட்டிங்கில் ரகசிய எண் (PIN) போட்டால்தான் ஓட்ட முடியும் என்ற வசதி இருந்தால் இன்றே போட்டுவிடுங்கள். கதவைத் திறந்தாலும் வண்டியை நகர்த்த முடியாது.

சாவி வேலை செய்யவில்லை என்றால் எடுத்த எடுப்பில் செல்லைக் குறை சொல்லாதீர்கள். இரண்டாவது சாவியை முயன்று பாருங்கள். அதுவும் திறக்கவில்லை, கைப்பிடி விளக்கும் எரியவில்லை என்றால் இறங்கியிருப்பது காரின் 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரியில் 80 சதவீதம் இருந்தாலும் பூட்டு, கம்ப்யூட்டர், காண்டாக்டர் எல்லாமே இந்தச் சின்ன பேட்டரியில்தான் ஓடுகின்றன. லெட் ஆசிட் வகையில் முழு சார்ஜ் 12.6 வோல்ட் காட்டும், 12-க்குக் கீழே போனால் நம்ப முடியாது. இரண்டாவது சாவி வேலை செய்தால் குறை முதல் சாவியில். இரண்டும் வீட்டு வாசலில் மட்டும் முரண்டு பிடித்து வேறு தெருவில் சரியாக இருந்தால், பக்கத்தில் ஏதாவது 433 மெகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் காலிங் பெல்லோ கேட் ரிமோட்டோ ஒலிபரப்பிக்கொண்டே இருக்கலாம். காருக்குள் 'சாவி இல்லை' என்று வந்தால் அது எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். போன் வைக்கும் வயர்லெஸ் சார்ஜர் தட்டு கிட்டத்தட்ட இதே கிலோஹெர்ட்ஸ் எல்லையில் வேலை செய்வதால் சாவியின் காதை அடைத்துவிடும்.

செல் மாற்றுவது 5 நிமிட வேலை. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி உள்ளிருக்கும் இரும்புச் சாவியை உருவுங்கள். பல சாவிகளில் அது இருந்த பொந்துக்குள் ஒரு சின்ன பிளவு தெரியும். துணி சுற்றிய தட்டை முனை ஸ்க்ரூடிரைவரை அதில் வைத்து, நெம்பாமல், மெதுவாகத் திருகினால் ஓடு இரண்டாகப் பிரியும். நெம்பினால் கொக்கி உடைந்து அப்புறம் ரப்பர் பேண்டு போட்டுத்தான் சாவியைச் சுமக்க வேண்டும். செல்லை எடுப்பதற்கு முன் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சாவிகளில் சிஆர்2032 இருக்கும்: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். சிஆர்2025-க்கும் அதே அகலம்தான், தடிமன் 2.5. அது உட்கார்ந்தது போலத் தெரிந்தாலும் குலுங்கும்போது தொடர்பு விட்டு விட்டு வரும். புது செல் 3 முதல் 3.3 வோல்ட் காட்ட வேண்டும். பழைய செல்லும் சும்மா இருக்கும்போது 3 காட்டி ஏமாற்றும், பட்டனை அழுத்திக்கொண்டே அளந்தால் உண்மை தெரியும். உதிரியாக விற்பதை வாங்காமல், சீல் போட்ட அட்டையில் தேதி பார்த்து வாங்குங்கள். விரல் ரேகை பதியாமல் ஓரத்தைப் பிடித்துப் பொருத்துங்கள். குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய செல் சில சாவிகளில் சரியாகத் தொடர்பு கொள்ளாது, அந்தப் பூச்சை ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் சரியாகும்.

திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கடற்காற்றின் உப்பு செல்லைப் பிடிக்கும் உலோக நாக்கில் பச்சைக் களிம்பாகப் படியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடைத்து 10 நிமிடம் காயவிடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்முலாம் போய் அடுத்த மழைக்குள் மறுபடி பிடிக்கும். காரின் கைப்பிடி மூடிக்குள் ஒளிந்திருக்கும் சாவித்துளைக்கும் இதே கதி. 3 மாதத்துக்கு ஒரு முறை இரும்புச் சாவியைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள், இல்லாவிட்டால் உண்மையில் தேவைப்படும் நாளில் திரும்பாது.

செல் நடுவழியில் தீர்ந்தாலும் பயமில்லை. சாவிக்குள் செல் இல்லாமலே வேலை செய்யும் ஒரு சில்லு இருக்கிறது. இரும்புச் சாவியால் கதவைத் திறந்து (அலாரம் அடிக்கலாம், பதற வேண்டாம்), ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன் மேலேயோ, கையேட்டில் சொன்ன இடத்திலேயோ ஒட்டிப் பிடித்து, பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் செய்யுங்கள். அந்த இடம் எது என்று வண்டி வாங்கிய வாரத்திலேயே பார்த்துவையுங்கள். சார்ஜ் போட்டிருக்கும்போது சாவி செத்தால் சார்ஜிங் கன் பூட்டிக்கொண்டு வராது. பலத்தைக் காட்டி இழுக்காதீர்கள். பெரும்பாலும் காரைத் திறந்தால் கன் விடுபடும், பல கார்களில் அவசரத்துக்கு இழுக்கும் கயிறும் உண்டு.

போனையே சாவியாக வைத்திருப்பவர்கள் அந்த ஆப்புக்கு பேட்டரி சிக்கனத்தை அணைத்து, ப்ளூடூத், இருப்பிட அனுமதிகளை 'எப்போதும்' என்று வையுங்கள். காரை நெருங்கியும் திறக்காததற்கு அநேகமாக போன் அந்த ஆப்பைத் தூங்க வைத்ததுதான் காரணம். போன் அணைந்தால், காரில் ஒட்டிக் காட்டித் திறக்கும் என்எஃப்சி அட்டை கைகொடுக்கும். அதை மெட்ரோ கார்டோடு ஒரே மடிப்பில் வைத்து பர்ஸோடு காட்டாதீர்கள், இரண்டும் ஒரே 13.56 மெகாஹெர்ட்ஸில் பேசி ரீடரைக் குழப்பும்.

ஓட்டுநரை அடையாளம் காண்பது தனி விஷயம். சீட்டு, கண்ணாடி, ஏசி அளவு எல்லாம் எந்தச் சாவி அல்லது எந்த போன் முதலில் தென்பட்டதோ அதன் பெயரில் நகரும். கணவன் மனைவி இருவர் சாவியும் உள்ளே இருந்தால் சீட்டு தப்பாக நகரலாம். ஓட்டப்போகிறவர் மட்டும் முதலில் போய்க் கதவைத் திறந்தால் சரியாகும். ஒவ்வொரு சாவிக்கும் ஒவ்வொரு பெயரைச் செட்டிங்கில் கட்டிவிடுங்கள். சில கார்களில் ஓட்டுநரின் கண்ணைப் பார்க்கும் கேமராவும் உண்டு, அது அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்யும். சில கூலிங் கிளாஸ்கள் அந்த ஒளியைத் தடுத்துவிடும். மணலி ரோட்டில் லாரிக்குப் பின்னால் ஓடி கேமரா மேல் படிந்த தூசியும் அப்படியே. உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள்.

ஆக்டிங் டிரைவரை வைத்தால் ரிமோட்டைக் கொடுக்காமல் என்எஃப்சி அட்டையோ, தேதி வைத்த டிஜிட்டல் சாவியோ கொடுங்கள். வேலட் மோடு (பிறர் ஓட்டும்போது காரின் சில வசதிகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) இருந்தால் போட்டுக் கொடுங்கள். அவர் போனதும் அந்த அட்டையைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். சாவி தொலைந்தால் சர்வீஸ் சென்டரில் அதை அழிக்கச் சொல்லுங்கள், புதுச் சாவி வாங்கினால் மட்டும் பழையது செயலிழக்காது. திருட்டுக் கோரிக்கை வந்தால் பல காப்பீட்டு நிறுவனங்கள் இரண்டு சாவியையும் கேட்கும். இரண்டாவது சாவியின் செல்லைக் கழற்றி, பையில் கூடவே போட்டு பீரோவில் வையுங்கள்.