முற்றம் வைத்த பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி பக்கம் பழைய ஓட்டு வீடுகளை இடிக்காமல் புதுப்பிக்க நிறையப் பேர் முன்வருகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் கைக்காசைப் போட்டுச் செய்த வேலை நாலைந்து வருடத்தில் பொரிந்து உதிர்வதையும் பல தெருக்களில் பார்க்கலாம். அந்த வீட்டுக்குள் ஈரம் எப்படி வருகிறது, எப்படி வெளியேறுகிறது என்று பார்க்காமல், புது வீட்டுக்கான பொருளை அதன்மேல் ஏற்றுவதுதான் காரணம்.

டெல்டாவில் பெரும்பாலும் களிமண். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியவை. ஓதம், அதாவது நிலத்து ஈரம், சுவரில் ஏறாமல் தடுக்க அடியில் எதுவும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் சுவரின் அடிப்பகுதி இரண்டு மூன்று அடி உயரத்துக்கு ஈரம் குடிக்கும். தை பிறந்து வெயில் ஏறியதும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது ஆவியாகிப் போய்விடும். சுவர் இத்தனை காலம் நின்றது இப்படித்தான்.

சிமெண்ட் பூச்சு

இருப்பதிலேயே பெரிய தவறு இது. சிமெண்ட் பூசியதும் ஈரம் வெளியே வர வழி இல்லாமல் மேலே ஏறும். கூடவே வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து இறுகி, மென்மையான பழைய செங்கல்லை அரிக்கும். விரலால் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும். பெயர்த்தால் சிமெண்ட் பலகை பலகையாக வரும். அதன் முதுகில் செங்கல்லின் மேல்தோலும் ஒட்டிக்கொண்டு வரும். அதன்மேல் திரும்பவும் சிமெண்ட் பூசுவது நோயை மூடி வைப்பதுதான். சுவரில் நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினாலும் இதே கதை: ஓதம் ஐந்தடியில் வந்து நிற்கும். வால் புட்டியும் பிளாஸ்டிக் பெயிண்டும் அதே கணக்கில்தான் சேரும்.

சரியான முறை கொஞ்சம் பொறுமை கேட்கும். சிமெண்டை மெதுவாகக் கொத்தி எடுத்து, செங்கல் இடுக்குகளை அரை அங்குலம் சுரண்டிவிட்டு, சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிட வேண்டும். கற்சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீர் விட்டு நீற்றி, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது 15 நாள் ஊறவிட வேண்டும். அவசரப்பட்டால் நீறாத கட்டிகள் பூசிய பிறகு சுவருக்குள் நீறி, பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும். முதல் பூச்சுக்கு 1 பங்கு சுண்ணாம்பு, 1 பங்கு சலித்த செங்கல் தூள், 2 பங்கு மணல். அரை அங்குலக் கனத்துக்கு மேல் வேண்டாம். இரண்டாவது பூச்சு கால் அங்குலம் போதும். பூசுவதற்கு முன் சுவரை நன்றாக நனைக்க வேண்டும். பூசிய பிறகு ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரம், பத்து நாள் ஈரம் காக்க வேண்டும். வெயில் நேரடியாகப் பட்டால் வெடிக்கும். சீக்கிரம் பிடிக்கட்டும் என்று கொத்தனார் இரண்டு சட்டி சிமெண்ட் கலக்கப் பார்ப்பார். விடாதீர்கள். அந்த வேலையைச் செங்கல் தூளே செய்யும். மேலே வெள்ளை அடித்தால் போதும்.

சுண்ணாம்பு வேலைக்கு இப்போது ஆள் ஏது என்று கேட்பவர்கள் ஒருமுறை தரங்கம்பாடி போய்வரலாம். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே பழைய வீடுகள் சுண்ணாம்பிலேயே சீர்செய்யப்பட்டன.

தரையை உயர்த்துவது

பழைய தரையின்மேலேயே டைல்ஸ் போட்டால் கலவையும் டைல்ஸுமாக இரண்டு, இரண்டரை அங்குலம் ஏறும். தாழ்வாரத்துத் தூணின் அடியைப் பாருங்கள். மரம் தரையைத் தொடாது. கீழே ஒரு கருங்கல் பாதம் இருக்கும். வீடு கழுவும் தண்ணீர் மரத்தில் படாமலிருக்க வைத்த கல் அது. தரை உயர்ந்ததும் கல் புதைந்து, மரத்தின் வெட்டுவாய் (குறுக்கே அறுத்த அடிமுனை) கலவைக்குப் பக்கத்தில் வந்துவிடும். மரம் அந்த வழியாகத்தான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும். வெளியே எனாமல் பெயிண்ட் பளபளக்கும். உள்ளே கரையான் ஏறியிருக்கும். தரை மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதைப் பெயர்த்தெடுத்து அதே மட்டத்தில் போடுங்கள்.

ரோடு உயர்ந்துவிட்டது, அதனால் வீட்டையும் உயர்த்துகிறோம் என்பார்கள். தெருவின் பிழைக்கு வீடு பலியாகக் கூடாது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டே புது ரோடு போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார். ரோடு போட ஆள் வரும்போது தெருக்காரர்கள் சேர்ந்து நின்று அதைக் கேட்க வேண்டும். அதுவரை திண்ணை ஓரத்தில் ஒரு வாய்க்கால் எடுத்துச் சமாளிக்கலாம்.

முற்றத்தை மூடுவது

குரங்குக்கும் திருட்டுக்கும் பயந்து ஃபைபர் ஷீட் போட்டு மூடிவிடுகிறார்கள். கூடத்துச் சூடான காற்று மேலே போகும் வழி அதுதான். மூடினால் வீடு புழுங்கும், சுவர் காயாது. கம்பி வலை போதும். ஷீட்தான் வேண்டுமென்றால் ஓட்டுக்கு மேல் இரண்டடி தூக்கி, நாலு பக்கமும் திறந்து விடுங்கள். இரண்டு பக்கத்து ஓட்டுச் சரிவும் சந்தித்து மழைத்தண்ணீர் முழுக்கச் சேரும் கூடுவாயில் ஒன்றரை அடி அகலத் தகடாவது வேண்டும். இன்னும் குறுகலாகப் போட்டால் பெருமழையில் தண்ணீர் வழிந்து, ஓட்டைத் தாங்கும் கைமரத்தில் இறங்கும்.

மாடி ஒழுகலுக்கு கான்கிரீட்

மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட பழைய மொட்டைமாடி) ஒழுகினால் மேலே மூன்று அங்குலம் கான்கிரீட் போடுவது ஆபத்து. சதுர அடிக்குச் சுமார் 17 கிலோ கூடும். 200 சதுர அடி அறைக்கு ஏறக்குறைய 3.4 டன். சுவருக்குள் இருக்கும் உத்தரத்தின் நுனி ஏற்கெனவே ஈரம் பட்டிருந்தால் தாங்காது. முதலில் ஆசாரியை விட்டு நுனியைக் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மேலே பதித்த பழைய தட்டோட்டை (தட்டையான ஓடு) எடுத்து, வெடிப்பைச் சுண்ணாம்பால் அடைத்து, வாட்டம் சரிபார்த்துத் திரும்பப் பதிக்கலாம்.

பின்கட்டில் கழிவறை சேர்ப்பவர்கள் புதுச் சுவரின் செங்கல்லைப் பழைய சுவருக்குள் பல் பல்லாகக் கோத்துக் கட்ட வேண்டாம். களிமண் மழையில் வீங்கும், கோடையில் சுருங்கும். பழைய அஸ்திவாரமும் புதியதும் ஒரே அளவு அசையாது. ஒரு அங்குல இடைவெளி விட்டுத் தனியாக நிறுத்துங்கள்.

எந்த வேலையை எந்த மாதம் செய்வது என்பதும் முக்கியம். தையில் சிமெண்டைக் கொத்திவிடலாம். சுவர் காயும் நேரத்தில், சித்திரை வைகாசியில், ஓடு பிரித்து மாற்றும் வேலையை முடிக்கலாம். வைகாசி கடைசியில் சுண்ணாம்பு நீற்றினால் ஆனி, ஆடியில் பூச வரும். ஆவணிக்குள் பூச்சு முடிந்துவிட வேண்டும். காற்றை வாங்கித்தான் சுண்ணாம்பு இறுகும், ஐப்பசி மழைக்கு முன் அதற்கு ஒன்றிரண்டு மாதமாவது வேண்டும்.