என்3 பக்கம் இழுக்காத வழி: பைக் பயணத்துக்கு பேஸ்கேம்ப்பில் ரூட் போடுவது எப்படி

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து பீட்டர்மரிட்ஸ்பர்க் போக எந்த ஜிபிஎஸ்ஸைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: என்3 ஹைவே. லாரிகளுக்கு நடுவே நேராகப் போய்ச் சேரலாம், கார்க்காரர்களுக்கு அது சரி. பைக்கில் போகிறவனுக்கு அதே ஊருக்குப் பழைய மெயின் ரோடு, அதாவது ஆர்103, இருக்கிறது. போத்தாஸ் ஹில், டிரம்மண்ட், இன்சங்கா என்று மேடும் வளைவுமாகப் போகும், ஒரு பக்கம் ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். 1921-இலிருந்து காம்ரேட்ஸ் மாரத்தான் ஓடுகிறவர்கள் மூச்சு வாங்கும் அதே மேடுகள்தான். பேஸ்கேம்ப் என்ற கம்ப்யூட்டர் மென்பொருளில் வழி போட்டு, இந்த ரோட்டிலேயே போ என்று ஜிபிஎஸ் கருவியை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் இந்தப் பதிவின் வேலை.

"கூகுள் மேப்ஸ் போதாதா அண்ணா?" என்று எங்கள் ஞாயிற்றுக்கிழமை கும்பலில் ஒரு தம்பி கேட்டான். டர்பனில் சேட்ஸ்வொர்த்திலிருந்து ஏர்போர்ட் போகப் போதும். ஆனால் கம்ப்யூட்டரில் கோட்டை இழுத்து வளைத்து அழகாக ஒரு வழி செய்து போனுக்கு அனுப்பினால், அது தன் இஷ்டத்துக்கு மறுபடி கணக்குப் போடும், உங்கள் வளைவுகள் போன இடம் தெரியாது. நிறுத்தங்களுக்கும் வரம்பு உண்டு. நமக்கு வேண்டியது ஒரு கோப்பு. அதைப் பத்திரப்படுத்தலாம், அடுத்த வருடமும் எடுத்து ஓட்டலாம், நண்பனுக்கும் கொடுக்கலாம். அந்தக் கோப்புக்குப் பெயர் ஜிபிஎக்ஸ்.

முதலில் மூன்று சொற்கள்

ஜிபிஎக்ஸ் கோப்புக்குள் மூன்று விதமான சரக்கு இருக்கலாம். வேபாயிண்ட் என்பது ஒரே ஒரு இடம்: பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை, நண்பன் வீடு. ரூட் என்பது சில புள்ளிகளின் பட்டியல், அந்தப் புள்ளிகளுக்கு இடையே எந்த ரோட்டில் போவது என்பதைக் கருவியே கணக்குப் போட்டு "இடது பக்கம் திரும்பு" என்று சொல்லும். டிராக் என்பது நூற்றுக்கணக்கான புள்ளிகளால் வரைந்த கோடு, அதில் கணக்கு எதுவும் இல்லை, வரைந்தது வரைந்தபடியே கிடக்கும்.

முக்கால்வாசி குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. ரூட் பேசும், ஆனால் மாறும். டிராக் மாறாது, ஆனால் பல கருவிகளில் வாயைத் திறக்காது. இரண்டையும் செய்து கையில் வைத்துக்கொள்ளுங்கள், எப்படி என்று கீழே வருகிறேன்.

மென்பொருளும் வரைபடமும்

நான் சொல்லப்போவது ஜிபிஎஸ் கருவிகள் செய்யும் கார்மின் கம்பெனியின் பேஸ்கேம்ப். இலவசம், விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். பார்க்கப் பழைய காலத்து மென்பொருள் மாதிரிதான் இருக்கும், பெரிய மாற்றம் எதுவும் வந்து வருடங்கள் ஆகின்றன, ஆனாலும் மோட்டார்சைக்கிள்காரர்கள் இதை விடுவதாக இல்லை. கார்மின் கருவி உங்களிடம் இல்லாவிட்டாலும் பயன்படுத்தலாம். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் கியூமேப்ஷேக் என்ற இலவச மென்பொருளைப் பாருங்கள். பட்டன்கள் வேறு, யோசனை இதேதான்.

பேஸ்கேம்ப்பை நிறுவித் திறந்தால் ஒரு வெறிச்சோடிய உலகப்படம் வரும். அதில் நம்ம ஊர்த் தெருவெல்லாம் கிடையாது. ஆரம்பிக்கிறவர்கள் பலர் இந்த இடத்திலேயே "இது வேலைக்கு ஆகாது" என்று மூடிவிடுகிறார்கள். கருவி இருந்தால் கேபிளில் செருகுங்கள், அதிலுள்ள வரைபடத்தை பேஸ்கேம்ப் எடுத்துக்கொள்ளும். கருவி இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பொதுமக்களே சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவிலிருந்து கார்மினுக்கு ஏற்றபடி செய்த இலவச வரைபடங்களை இணையத்தில் சிலர் தருகிறார்கள். தென்னாப்பிரிக்காவையும், லெசோத்தோவுக்கு ஏறும் சானி பாஸ் மலைக்கணவாய் மேல் ஆசை இருந்தால் லெசோத்தோவையும் சேர்த்தே இறக்குங்கள். கிடைக்கும் கோப்பின் பெயர் ஜிமேப்சப், அதன் வால் ஐஎம்ஜி என்று இருக்கும். ஒரு யுஎஸ்பி குச்சியில் 'கார்மின்' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்து ஒரு ஃபோல்டர் போட்டு, கோப்பை அதற்குள் வையுங்கள். குச்சியைச் செருகி பேஸ்கேம்ப்பைத் திறந்தால், இதுவும் ஒரு கார்மின் கருவிதான் என்று நம்பி வரைபடத்தைக் காட்டும்.

அப்புறம் மேலே உள்ள வரைபடப் பட்டியலில் அந்தப் புது வரைபடத்தைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். 'குளோபல் மேப்' என்றே விட்டுவிட்டால் ரூட் கன்னாபின்னாவென்று வரும்.

பைக்குக்கு ஏற்றபடி அமைப்பது

எடிட் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதற்குள் ஆக்டிவிட்டி புரொஃபைல். அதில் மோட்டார்சைக்கிளிங் எடுங்கள். எதைத் தவிர்க்க வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். கல்லும் மண்ணுமான ரோட்டில் ஓட்டிப் பழக்கமில்லை என்றால் தார் போடாத ரோடுகளைத் தவிர்க்கும் பெட்டியில் டிக் போடுங்கள். யூ-டர்னையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

ஹைவேயைத் தவிர்க்கும் பெட்டியும் அங்கேயே இருக்கிறது. என்3 வேண்டாம் என்றால் அதில் டிக் போட்டால் முடிந்ததே என்று தோன்றும். எனக்கு அது பிடிக்காது. திரும்பி வரும்போது களைத்துப்போய், இருட்டுவதற்குள் வீடு சேர என்3 வேண்டும் என்று நீங்களே நினைப்பீர்கள், அப்போது இந்த டிக் வம்பு செய்யும். ஹைவேயை முழுசாகத் தடை செய்வதைவிட, போகிற வழியை மட்டும் புள்ளி வைத்துப் பிடிப்பதே மேல்.

பேஸ்கேம்ப் காட்டும் நேரத்தை அப்படியே நம்பாதீர்கள். ஹைவேயில் 120, ஊருக்கு வெளியே 100, ஊருக்குள் 60 என்பது இங்கே பொதுவான வேக வரம்பு, பழைய மெயின் ரோட்டில் அந்த 100-ஐத் தொடவே இடம் கிடைக்காது. ஒவ்வொரு வகை ரோட்டுக்கும் உள்ள வேகத்தை அதே புரொஃபைலில் குறைத்து வைத்தால் வரும் நேரம் ஓரளவு நிஜமாக இருக்கும்.

ரூட் போடலாம்

உதாரணத்துக்கு ஒரு ஞாயிறு சுற்று: சேட்ஸ்வொர்த், பைன்டவுன், ஹில்கிரெஸ்ட், பழைய மெயின் ரோட்டில் பீட்டர்மரிட்ஸ்பர்க், அங்கிருந்து ஹோவிக், மறுபடி ஆர்103 பிடித்து நாட்டிங்காம் ரோடு, திரும்ப என்3-இல் வீடு. போகவர சுமார் 300 கிலோமீட்டர்.

இடது பக்கம் புதிதாக ஒரு லிஸ்ட் திறந்து பெயர் வையுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து எது எது என்றே தெரியாது. நியூ ரூட் கருவியை எடுத்து வீட்டுத் தெருவில் ஒரு கிளிக், நாட்டிங்காம் ரோட்டில் ஒரு கிளிக். எதிர்பார்த்தபடியே முழுக் கோடும் என்3 மேல் விழும். பரவாயில்லை, இனிமேல்தான் வளைக்கப் போகிறோம்.

இன்செர்ட் என்ற கருவியை எடுத்துக் கோட்டின் மேல் கிளிக் செய்யுங்கள். கோடு சுட்டியோடு ஒட்டிக்கொண்டு வரும். அதை இழுத்துப் போய் போத்தாஸ் ஹில்லில் ஆர்103 மேல் வைத்து இன்னொரு கிளிக். அந்தப் பக்கம் வழி சரியாகிவிடும். ஆனால் கேட்டோ ரிட்ஜ் வந்ததும் பாருங்கள், மறுபடி என்3-க்குள் நுழைந்திருக்கும். பழைய ரோடும் என்3-உம் அங்கே அக்கம்பக்கமாக ஓடுகின்றன, ஏறி இறங்க வாசலும் இருக்கிறது, வேகமான வழியைத் தேடும் கணக்கு அந்த வாசலை விடாது. கேம்பர்டவுனிலும் இதே கதை. ஆகவே புள்ளி வைக்க வேண்டிய இடம் வாசலில் இல்லை, வாசலைத் தாண்டி, அடுத்த வாசலுக்கு முன்னால். இரண்டு வாசலுக்கு நடுவே ஒரு புள்ளி உட்கார்ந்துவிட்டால் என்3-க்குப் போய்த் திரும்பி வருவது கருவிக்குக் கட்டுப்படியாகாது, பேசாமல் பழைய ரோட்டிலேயே போகும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

புள்ளி வைக்கும்போது நன்றாக ஜூம் செய்யுங்கள், ரோடு விரல் அகலத்துக்குத் தெரிய வேண்டும். தூரத்தில் இருந்து வைத்தால் கேம்பர்டவுன் பக்கம் உங்கள் புள்ளி ஆர்103-க்குப் பதிலாக என்3 மேல் ஒட்டிக்கொள்ளும். என்3 மேலேயே வைக்க நேர்ந்தால் இன்னும் கவனம் தேவை, ஏனென்றால் போகும் பக்கமும் வரும் பக்கமும் வரைபடத்தில் தனித்தனிக் கோடுகள். நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம், புள்ளி எதிர்ப்பக்கக் கோட்டில் விழுந்தால் கருவி உங்களை அடுத்த வாசல் வரை கூட்டிப்போய் இறக்கி, திருப்பி, அந்தப் புள்ளியைத் தொடவைத்து, மறுபடி திருப்பிக் கொண்டுவரும். குறுக்குச் சந்திப்பின் நட்டநடுவிலும் வைக்காதீர்கள். புள்ளி பக்கத்துச் சந்தில் நாலு மீட்டர் தள்ளி விழுந்தாலும் கோட்டிலிருந்து முள் மாதிரி ஒரு சின்ன நீட்டல் கிளம்பியிருக்கும். ரூட்டை முடித்ததும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஜூம் செய்தபடி நகர்த்திப் பார்த்து இந்த முட்களையெல்லாம் மூவ் பாயிண்ட் கருவியால் சரி செய்யுங்கள். அலுப்பான வேலைதான். ரோட்டில் போய்த் திணறுவதற்கு இது எவ்வளவோ தேவலை.

பீட்டர்மரிட்ஸ்பர்க்குக்கு அப்புறம் அவ்வளவு பாடு இல்லை. ஹில்டனுக்கு ஒரு புள்ளி, ஹோவிக்குக்கு ஒன்று, அங்கிருந்து ஆர்103 மேல் லிட்ஜெட்டன் பக்கம் ஒன்று. டவுன் ஹில் ஏற்றத்தில் என்3 பனிமூட்டத்துக்குப் பேர் போனது, காலையில் பழைய ஹோவிக் ரோட்டில் போனாலும் மூட்டம் மூட்டம்தான், அதனால் கிளம்பும் நேரத்தை யோசித்து வையுங்கள். ஹோவிக்கில் அருவி, அதைத் தாண்டினால் 1962 ஆகஸ்ட் 5 அன்று மண்டேலா கைதான இடம் ஆர்103 ஓரத்திலேயே இருக்கிறது. 50 இரும்புத் தூண்கள், சரியான இடத்தில் நின்று பார்த்தால் அவர் முகமாகச் சேரும். இறங்கிப் பார்க்காமல் போகாதீர்கள்.

நிற்கும் புள்ளி, வளைக்கும் புள்ளி

ரூட்டை இரட்டைக் கிளிக் செய்தால் புள்ளிகளின் பட்டியல் திறக்கும். ஒவ்வொரு புள்ளியும் இரண்டில் ஒரு வகை: போய்ச் சேர்ந்ததும் கருவி அறிவிக்கும் புள்ளி, அறிவிக்காமல் வழியை மட்டும் வளைக்கும் புள்ளி. பின்னதை ஷேப்பிங் பாயிண்ட் என்கிறார்கள். வலது கிளிக்கில் மாற்றலாம். பெட்ரோல், சாப்பாடு, மண்டேலா இடம் இதெல்லாம் அறிவிக்கட்டும். மீதி எல்லாம் ஷேப்பிங்காக இருக்கட்டும்.

இது ஏன் முக்கியம்? ரோடு அடைத்திருக்கிறார்கள், சுற்றிப் போகிறீர்கள், வழியில் ஒரு அறிவிக்கும் புள்ளி தவறிவிட்டது என்று வையுங்கள். அதைத் தொடாமல் அடுத்ததற்குக் கருவி போகாது, "திரும்பு திரும்பு" என்று உயிரை வாங்கும். ஸ்கிப் பட்டன் இருந்தால் அழுத்தித் தாண்டலாம். டர்பனுக்கும் பீட்டர்மரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே என்3-ஐ அகலப்படுத்தும் வேலை நடக்கிறது, புனித வெள்ளி அன்றென்றால் பீட்டர்மரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயில் தீமிதிக்குக் கூட்டம் சேரும். சுற்றிப் போக வேண்டிய நாள் வரத்தான் செய்யும்.

ரோடு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது

தெரியாத ரோடென்றால் வியூ மெனுவிலிருந்து ரூட்டை கூகுள் எர்த்தில் திறக்கலாம், அந்த மென்பொருளும் கம்ப்யூட்டருக்கு இலவசம்தான். செம்மண் நிறத்தில் கோடு தெரிந்தால் தார் இல்லை. தார் இல்லாத ரோட்டைத் தவிர்க்கச் சொன்னோமே என்பீர்கள், வரைபடத்தில் யாராவது அது மண் ரோடு என்று குறித்திருந்தால்தான் அந்த டிக் வேலை செய்யும்.

சானி பாஸுக்கு இதெல்லாம் இரண்டு மடங்கு பொருந்தும். உச்சி 2,876 மீட்டர், மேலே லெசோத்தோ. கார் என்றால் ஃபோர்வீல் டிரைவ் வேண்டும், பைக்கில் போகலாம், ஆனால் கருவிக்கு அதுவும் ஒரு சாதாரண ரோடுதான். பாஸ்போர்ட் வேண்டும் என்றோ சோதனைச் சாவடி மூடும் நேரம் இது என்றோ அது சொல்லாது.

கருவிக்கும் போனுக்கும்

எல்லாம் சரியாகிவிட்டதா? ரூட்டின் மேல் வலது கிளிக், 'கிரியேட் டிராக் ஃப்ரம் செலெக்டெட் ரூட்'. அதே வழி இப்போது டிராக்காகவும் இருக்கிறது. டிராக்குக்குப் பளிச்சென்று ஒரு நிறம் கொடுங்கள், மெஜந்தா வேண்டாம், ஏனென்றால் கார்மின் ரூட்டைக் காட்டுவதே அந்த நிறத்தில்தான்.

கார்மின் வைத்திருப்பவர்கள் டிவைஸ் மெனு வழியாக இரண்டையும் அனுப்புங்கள். ஜூமோ போன்ற கருவிகளில் டிரிப் பிளானருக்குள் போய் இம்போர்ட் கொடுக்க வேண்டும், தானாக வந்து நிற்காது. கருவியிலும் மோட்டார்சைக்கிள், அதே தவிர்ப்புகள் என்று வையுங்கள், இரண்டு பக்கமும் வேறு வேறாக இருந்தால் வேறு வேறு வழிதான் வரும். வழி தவறினால் தானாக மறுகணக்கு போடும் வசதியை, கேட்டுவிட்டுச் செய் என்று மாற்றுங்கள். இப்போது ரூட் பேசும், அடியில் டிராக் கோடாகத் தெரியும். இரண்டும் எங்காவது பிரிந்தால் டிராக்கை நம்புங்கள்.

போன் மட்டும் உள்ளவர்கள் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்து டிராக்கை ஜிபிஎக்ஸாகச் சேமித்து, ஓஸ்மேண்ட் செயலியில் திறக்கலாம். வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள், பள்ளத்தாக்கில் சிக்னல் வந்து வந்து போகும். நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்ட்டாக இணைத்து அனுப்புங்கள். கார்மின் உள்ளவருக்கு ரூட்டும் டிராக்கும் சேர்ந்த கோப்பு, போன்காரருக்கு டிராக் மட்டும் உள்ள கோப்பு என்று இரண்டாகப் பிரித்து, பெயரிலேயே அதைக் குறித்து வைத்தால் சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு "அண்ணா, எதைத் திறக்கணும்?" என்று போன் வராது.