பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்: பெயின்ட் கடைக்குப் போகும் முன் மொட்டை மாடிக்குப் போங்கள்

1970-க்கும் 1990-க்கும் இடையில் நம் ஊர்களில் கட்டிய வீடுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், அதன் மேல் கான்கிரீட் தளம், தளத்துக்கு மேல் சுண்ணாம்பு ஜல்லி போட்டுத் தட்டோடு பதித்திருப்பார்கள். ஹாலில் மொசைக், அடுப்பங்கரையில் ரெட் ஆக்சைடு, தேக்கு நிலை, வராந்தாவில் பீங்கான் ஃப்யூஸ் பலகை. இந்த வீட்டை மூன்று நான்கு லட்சத்துக்குள் சரிசெய்ய நினைப்பவர்கள் செய்கிற முதல் தவறு, கண்ணுக்குத் தெரிவதில் பணத்தைத் தொடங்குவது. பெயின்ட், டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங் என்று முடித்துவிட்டு, அடுத்த ஐப்பசி மழையில் சுவர் பொரியும்போது எல்லாவற்றையும் உடைக்க வேண்டி வரும். வேலை வரிசை இதுதான்: மாடி ஒழுக்கு, துருப்பிடித்த கம்பி, சுவர் ஓதம், வயரிங்கும் பைப்பும், பூச்சு, தரை, கடைசியில் பெயின்ட். பணம் போதாவிட்டால் இந்த வரிசையின் கடைசியில் இருப்பதைத் தள்ளிப்போடுங்கள், முதலில் இருப்பதை அல்ல.

ஒழுகுகிற மாடியில் இன்னொரு தளம் போடுவது

"பழசு அப்படியே இருக்கட்டும், மேலே ரெண்டு இஞ்ச் கலவை போட்டு கூலிங் டைல்ஸ் ஒட்டிடலாம்" என்பது அடிக்கடி கேட்கிற யோசனை. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு அங்குலச் சிமென்ட் கலவை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ வரும். ஆயிரம் சதுர அடி மாடி என்றால் 93 சதுர மீட்டர், அதாவது ஒன்பது டன்னுக்கு மேல். முப்பது நாற்பது வருடம் நனைந்து, கம்பி துருப்பிடித்திருக்கக்கூடிய தளத்தின் மேல் அந்தச் சுமையை ஏற்றுகிறீர்கள். தேக்குச் சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் ஒட்டு வீடாக இருந்தால் இந்த யோசனையையே விட்டுவிட வேண்டும்.

ஒழுக்கு மாடி முழுவதும் இருப்பது அபூர்வம். தண்ணீர் இறங்குகிற இடங்கள் மூன்று: கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலை, மழைத் தண்ணீர்க் குழாயின் வாய், தட்டோடுகளுக்கு இடையில் உதிர்ந்துபோன ஒட்டு. மூலையை ஓர் அங்குலம் கொத்திச் சுத்தம் செய்து, வாட்டர்ப்ரூஃப் திரவம் சேர்த்த கலவையால் வட்டமாக மழுக்கி மூட வேண்டும். செங்கோணமாக விட்டால் வெயிலில் தளம் விரியும்போது அங்கேதான் திரும்பவும் வெடிக்கும். தட்டோட்டின் ஒட்டைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசலாம். உடைந்த ஓட்டை மட்டும் மாற்றினால் போதும்.

வாட்டம் சரியாக இருக்கிறதா என்று டியூப் மட்டம் வைத்துப் பாருங்கள். இருபது அடி நீளத்துக்கு இரண்டு முதல் மூன்று அங்குலம் இறக்கம் வேண்டும். தண்ணீர் தேங்கும் இடத்தில் எந்தக் கம்பெனியின் பூச்சு அடித்தாலும் நிற்காது.

மேலே அடிக்கிற வெள்ளைப் பூச்சில் நடக்கிற தவறு, ஈரம் காயும் முன் அடிப்பது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெயிலில் ஆவியாகி, பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும். இந்த வேலைக்கு மாசியிலிருந்து வைகாசி வரைதான் ஏற்ற காலம். ஒழுகும் இடங்களை நவம்பர் மழையில் சாக்பீஸால் வட்டமிட்டு, செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், கோடையில் கொத்தனாரிடம் இடம் காட்டச் சிரமம் இருக்காது. இரண்டு கை அடிக்க வேண்டும், முதல் கை முழுவதும் காய்ந்த பிறகு இரண்டாவதைக் குறுக்கு வாக்கில். மூலைகளில் ஃபைபர் வலை வைத்து அடிக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் குழாய் வாயைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீரை 48 மணி நேரம் நிறுத்திப் பார்க்கலாம். உள்பக்கம் கம்பி வெளியே தெரிகிற தளத்தில் இந்தச் சோதனை வேண்டாம், அந்தத் தண்ணீருக்கும் எடை உண்டு.

உதிர்ந்த சீலிங்கை வெறும் கலவையால் அடைப்பது

பாத்ரூமுக்கு மேலும் சன்ஷேடின் அடியிலும் காரை பெயர்ந்து கம்பி தெரியும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால்தான் காரையைத் தள்ளுகிறது. கம்பியைத் தொடாமல் மேலாகக் கலவை அப்பினால் துரு உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும், ஓரிரு வருடத்தில் அந்த ஒட்டும் கழன்று விழும். கம்பியின் பின்பக்கம் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி, வயர் பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, துருத் தடுப்பு ப்ரைமர் அடித்து, அதன் பிறகுதான் பாலிமர் கலந்த ரிப்பேர் கலவை. தேய்த்த பின் கம்பி கால்வாசிக்கு மேல் மெலிந்திருந்தால் அது மேஸ்திரி முடிவு செய்கிற வேலை இல்லை. ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியருக்குக் கொடுக்கிற சில ஆயிரம் ரூபாயை இங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது.

இதே வீடுகளில் ஹாலையும் சமையலறையையும் ஒன்றாக்க நடுச்சுவரை எடுப்பதும் அப்படித்தான். இவற்றில் பெரும்பாலானவை தூண் இல்லாத வீடுகள், தளத்தைத் தாங்குவதே அந்த ஒன்பது அங்குலச் சுவர்கள்தான். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரை எடுக்கலாம், அதுவும் மேலே சுவரோ தொட்டியோ இல்லை என்று பார்த்த பிறகு.

ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மூடுவது

சுவரின் அடி இரண்டு மூன்று அடிக்கு ஒரே சீராகப் பொரிந்தால் தரையிலிருந்து ஏறுகிறது. ஓரிடத்தில் மட்டும் திட்டாக இருந்தால் பின்னால் பைப் கசிகிறது. மேல் மூலையில் இருந்தால் மாடி. சந்தேகமாக இருந்தால் ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது.

தரையிலிருந்து ஏறும் ஓதத்துக்கு நம் ஊரில் ஒரு தனிக் காரணம் உண்டு. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ரோடு உயர்கிறது, மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வீட்டுக்காரர்கள் முற்றத்தில் மண் கொட்டி உயர்த்துகிறார்கள். அஸ்திவாரத்துக்கு மேல் ஓதம் தடுக்கப் போட்ட பெல்ட் மண்ணுக்குள் புதைந்துவிடுகிறது. பிறகு உள்ளே என்ன மருந்து அடித்தாலும் சுவர் வெளிமண்ணிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வெளியே மண் மட்டம் வீட்டின் உள்தரையைவிட ஆறு அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு மண்ணை எடுத்து, தண்ணீர் ஓட வழி செய்தாலே பாதி ஓதம் அடங்கும். இரண்டு ஆள் கூலியில் முடிகிற வேலை இது, ஆனால் இதைச் செய்கிறவர்கள் குறைவு.

பொரிந்த பூச்சை, ஈரக்கோட்டுக்கு மேல் இன்னும் ஓர் அடி சேர்த்துக் கொத்தி எடுத்து, செங்கல்லைச் சில வாரம் காயவிட வேண்டும். வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள் போய்விடும். ஓதச் சுவரின் மேல் டைல்ஸோ பி.வி.சி. பேனலோ ஒட்டினால் ஈரம் வெளியேற இடமில்லாமல் அதற்கும் மேலே ஏறும். மூன்றடியில் நின்றது ஐந்தடிக்குப் போகும்.

1950-களுக்கு முந்தைய சுண்ணாம்புப் பூச்சு வீடாக இருந்தால் சிமென்ட் பூச்சு வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அடைத்துப் பிடிக்கும். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புக் கலவையே சரி.

பழைய வயரில் புது ஏ.சி.

விளக்கும் விசிறியும் மட்டும் எண்ணிப் போட்ட வயரிங்கில் ஏ.சி., கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு மாட்டுவது தீயை அழைப்பது. 2 கிலோவாட் கீசர் ஒன்றே கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கு 1.5 சதுர மி.மீ., 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் தனித்தனியே 4 சதுர மி.மீ. செம்பு வயர் இழுத்துவிடுங்கள். எம்.சி.பி. (லோடு மீறினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது என்று பெரிய எம்.சி.பி. மாற்றுவது மிக ஆபத்தான தவறு. எம்.சி.பி. காப்பது வயரை. மெல்லிய வயருக்கு 32 ஆம்பியர் போட்டால் வயர் உருகும், எம்.சி.பி. விழாது.

பழைய வீடுகளில் பல பிளக்குகளுக்கு எர்த் கம்பியே கிடையாது. வேலையைச் சுருக்க, பிளக்குக்குள்ளேயே நியூட்ரலை எர்த்தோடு சேர்த்து முறுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் வாஷிங் மெஷினின் உடம்பு முழுவதும் மின்சாரம் வந்து நிற்கும். எர்த் குழியிலிருந்து பச்சை வயர் தனியாக ஒவ்வொரு பிளக்குக்கும் வர வேண்டும், மின்கசிவு வந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் கட்டாயம் வேண்டும். போட்டதும் அது விழுந்துகொண்டே இருந்தால், எங்கோ கசிவு இருக்கிறது அல்லது நியூட்ரல் கலந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க வேண்டும், ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி லைன் கொடுக்கச் சம்மதிக்காதீர்கள். மின்வாரியத்தில் பதிவான லோடு போதுமா என்பதையும் ஏ.சி. வாங்கும் முன்பே பாருங்கள்.

பாத்ரூமில் டைல்ஸ் மேல் டைல்ஸ்

பசை போட்டு ஒட்டினாலும் தரை அரை அங்குலம் உயரும். கதவு உரசும், தண்ணீர் வெளியே வராமல் நிறுத்தும் தடுப்பின் உயரம் குறையும், கீழே கசிகிற பழைய ஜி.ஐ. பைப் அப்படியே இருக்கும். கசிவு இருந்தால் உடைக்கத்தான் வேண்டும். உடைத்தால் பைப்பை மாற்றுங்கள்: வெந்நீருக்கு சி.பி.வி.சி., அதற்கு உரிய பசைதான் போட வேண்டும், சாதாரண பி.வி.சி. பசை பிடிக்காது. டைல்ஸ் ஒட்டும் முன் எல்லா வாயையும் அடைத்து அழுத்தம் கொடுத்து ஒரு நாள் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பைப் போகும் பாதையை டேப் அளவுடன் படம் எடுத்து வையுங்கள், பிறகு கண்ணாடி மாட்ட டிரில் போடும்போது உதவும். வாட்டம் அடிக்குக் கால் அங்குலம்.

நல்ல தரையை உடைப்பது

மொசைக்கை உடைத்து டைல்ஸ் போடுவது செலவிலும் நஷ்டம், தரத்திலும் நஷ்டம். மெஷின் போட்டுக் கரடான கல்லிலிருந்து நைஸ் கல்வரை படிப்படியாக அரைத்தால் நாற்பது வருட மொசைக் கண்ணாடி போல் வரும். குழிகளை அதே நிறச் சிமென்டால் அடைத்து, சில நாள் காயவிட்டு, திரும்ப அரைக்கச் சொல்லுங்கள். மொசைக்கில் பாத்ரூம் ஆசிட் ஊற்றக் கூடாது, உள்ளே இருப்பவை மார்பிள் சில்லுகள், ஆசிட் அவற்றைக் கரைத்துவிடும். ஆத்தங்குடி கல்லுக்கும் இதே எச்சரிக்கை. ரெட் ஆக்சைடை மட்டும் மெஷினில் அரைக்க விடாதீர்கள். நிறம் மேலே சில மில்லி மீட்டர்தான், தேய்ந்தால் அடியில் சாம்பல் நிறச் சிமென்ட் எட்டிப் பார்க்கும். நன்றாகக் கழுவி, காயவிட்டு, மெழுகு தேய்த்தாலே போதும்.

சமையலறையிலும் இதே நியாயம். கடப்பா கல் அலமாரி உறுதியாக இருந்தால் அதை இடித்து மாடுலர் கிச்சன் போட வேண்டியதில்லை. அலுமினிய ஃப்ரேமும் கதவும் மட்டும் வைத்தால் செலவு வெகுவாகக் குறையும், கரையானும் கல்லை ஒன்றும் செய்யாது. சிங்க்குக்குக் கீழே பிளைவுட் போட்டே ஆக வேண்டும் என்றால் தண்ணீரைத் தாங்கும் மரைன் ரகத்துக்கான ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.எஸ். 303 எம்.ஆர். ரகம் அங்கே ஊதிப்போகும்.

பெயின்ட்

பல கை சுண்ணாம்பு அடித்த சுவரில் நேராகப் பட்டி போட்டால், பட்டியும் சுண்ணாம்பும் சேர்ந்து தகடாக உரியும். சுரண்டி எடுத்து, தூசி தட்டி, ப்ரைமர் அடித்த பிறகே பட்டி. புதிதாகப் பூசிய இடத்தை 28 நாளாவது விடுங்கள்.

ஜன்னல் கம்பியிலும் கதவிலும் இருக்கும் பழைய எனாமலை உலர்வாகத் தேய்க்கக் கூடாது. பெயின்ட்டில் ஈயத்தை 90 பி.பி.எம்.முக்குள் கட்டுப்படுத்தும் விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் நிறைய இருக்கலாம், அந்தத் தூசி சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். தண்ணீர் நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். அந்த நாட்களில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வீட்டில் இருக்க வேண்டாம்.

உள்சுவர் எமல்ஷன் லிட்டருக்கு இரண்டு கையில் 60 முதல் 70 சதுர அடி வரும் என்று வைத்துக்கொண்டு, ஓர் அறைக்குத் தேவையானதை ஒரே தடவையில், ஒரே பேட்ச் எண்ணில் வாங்குங்கள். பாதிச் சுவரில் டப்பா தீர்ந்து, மறுநாள் கலக்கி வாங்கினால் நிறம் ஒரு சாயல் மாறித் தெரியும். மிச்சத்தைச் சின்ன டப்பாவில் இறுக மூடி, ஷேடு எண்ணை மேலே எழுதி வையுங்கள்.