விக்கியில் துணைப்பக்கங்கள்: ஒரு சாய்கோடு போதும்

விக்கிப் பக்கம் நீண்டுகொண்டே போகிறதா? தலைப்புக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டுத் துணைப்பக்கமாகப் பிரித்துவிடுங்கள். 'இயற்பியல்/ஒளியியல்' என்று உருவாக்கினால், அந்தப் பக்கத்தின் மேலே 'இயற்பியல்' பக்கத்துக்கு இணைப்பு தானாகவே வந்துவிடும்.

விக்கிப்பீடியா போன்ற தளங்களை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியில் இணைப்பை முழுசாகத் தட்ட வேண்டியதில்லை. தாய்ப்பக்கத்தில் [[/ஒளியியல்/]] என்று எழுதினாலே போதும். கடைசிச் சாய்கோடு எதற்கு என்றால், அது இருந்தால் வாசகருக்கு வெறும் 'ஒளியியல்' என்று மட்டும் தெரியும். துணைப்பக்கத்திலிருந்து மேலே போக [[../]]. இப்படி எழுதுவதில் இன்னொரு லாபமும் உண்டு: பின்னாளில் தாய்ப்பக்கத்தைத் துணைப்பக்கங்களோடு சேர்த்து வேறு பெயருக்கு நகர்த்தினால் இந்த இணைப்புகள் உடையாது. நகர்த்தும்போது துணைப்பக்கங்களுக்கான தெரிவைக் குறியிட மறக்காதீர்கள்.

ஆனால் எல்லா இடத்திலும் இது வேலை செய்யாது. விக்கிப்பீடியாவின் முதன்மைவெளியில், அதாவது கட்டுரைகள் இருக்கும் பகுதியில், துணைப்பக்க வசதி கிடையாது, அங்கே சாய்கோடு தலைப்பின் ஓர் எழுத்து, அவ்வளவுதான். பயனர் பக்கத்திலும் பேச்சுப் பக்கத்திலும் தாராளமாகச் செய்யலாம். விக்கிநூல்களில் அத்தியாயங்களைப் பிரிப்பதே இப்படித்தான். சொந்த விக்கி என்றால் முதன்மைவெளிக்கு இந்த வசதியை நீங்கள்தான் அமைப்பில் இயக்க வேண்டும்.

அப்புறம், அடுக்குக்குள் அடுக்கு வேண்டாம். என்னைக் கேட்டால் இரண்டு நிலையே அதிகம். அதற்கு மேல் பகுப்புகளே மேல்.