எச்.ஐ.வி.யோடு கர்ப்பமாக இருக்கும் தங்கச்சிக்கு: பணத்துக்கு என்ன வழி

குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாம் மாதத்தில் எனக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது. தோட்டை அடகு வைத்துவிட்டு ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஓடினேன். 'உனக்குத் தனி ஏற்பாடு வேண்டும்' என்று பிரசவத்துக்கு இரட்டிப்புப் பணம் கேட்டார்கள். நீ அங்கே போய் நிற்காதே, தங்கச்சி.

முதலில் நர்சம்மாவைப் பார். 12 வாரத்துக்குள் பதிந்து பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்ததற்குத் தரும் எண்) வாங்கிவிடு. அது இல்லாமல் உதவித்தொகை நகராது, பின்னால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் நகராது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். 14,000 தவணை தவணையாக வங்கியில் விழும். மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான்.

இது ஏழைத் தாய்க்கான பணம், நோய்க்கான பணம் இல்லை. அதனால் இதைக் கேட்கப் போகும்போது எச்.ஐ.வி. பற்றி நீ வாய் திறக்க வேண்டியதே இல்லை. அது தெரியாமல், சொல்லித்தான் ஆக வேண்டுமோ என்று பயந்து நான் இரண்டு மாதம் பதியாமலே கிடந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

வங்கிக் கணக்கு உன் பெயரில், ஆதார் இணைத்து இருக்கட்டும். வீட்டுக்காரர் கணக்கு உதவாது.

அப்புறம் மாத்திரை. அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் (எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் இடம்) எங்கே என்று கேள், அங்கிருந்து எச்.ஐ.வி. மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புவார்கள். எல்லாம் இலவசம். சிகிச்சையே இல்லாவிட்டால் நூற்றில் 15 முதல் 45 பிள்ளைகளுக்குத் தொற்று வரலாம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் 5-க்கும் கீழே இறங்கிவிடும். கூலி போகிறதே என்று ஒரு நாளும் விடாதே. ஸ்கேன் நாளையும் மாத்திரை நாளையும் ஒன்றாக வைத்துத் தரச் சொல்லிக் கேள். எங்கள் மையத்தில் ஆலோசனை சொல்லும் அக்கா எனக்கு அப்படித்தான் செய்து கொடுத்தார், மாதம் ஒரு நாள் கூலி மிஞ்சியது. போய்வர வெள்ளைப் பலகை டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

பிரசவம் அரசு மருத்துவமனையில்தான். சிசேரியன் ஆனாலும் மருந்து, சாப்பாடு, வீடு வரை வண்டி எதற்கும் காசு கிடையாது. எச்.ஐ.வி. என்று யாராவது ஒதுக்கினால், அப்படி ஒதுக்கக் கூடாது என்கிற 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் உன் பக்கம் இருக்கிறது. எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குப் போன் போடு, அதற்கும் காசு இல்லை.

பிள்ளைக்கு ஆறாவது வாரத்தில் பரிசோதனை, கடைசியாக 18-ஆம் மாதத்தில் ஒன்று. நடுவிலும் சில தடவை போக வேண்டியிருக்கும். அதற்கென்று ஒரு தவணைப் பணத்தைத் தொடாமல் வை.