‘கிராமர் மட்டும்தான்லா பார்த்தேன்’: இடுபணியும் ஏஐ விதிகளும்

செமஸ்டரின் 12ஆம் வாரம் வந்துவிட்டால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) என் மேசை காலியாக இருக்காது. பகலில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர டியூட்டர் வேலை. மாலையில் அங்கே போய் உட்கார்ந்தால் தெரிந்த பிள்ளைகள், தெரிந்தவர்களின் பிள்ளைகள் என்று யாராவது மடிக்கணினியோடு வந்துவிடுவார்கள். போன வாரம் வந்த பெண் உட்காருவதற்கு முன்பே சொன்னாள்: “அக்கா, நான் கிராமர் மட்டும்தான்லா பார்த்தேன்.” கையில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த விசாரணைக் கடிதம், இடுபணியில் (அசைன்மென்ட்) ஏஐ பயன்படுத்தியதாக. 2023இல் அதே வாக்கியத்தை நானும் மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முழுக் கட்டுரையையும் சாட்ஜிபிடியிடம் வாங்கி ஒட்டுவது, ‘இதோ நீங்கள் கேட்ட கட்டுரை’ என்று அது போடும் முதல் வரியைக்கூட அழிக்காமல் அனுப்புவது, இதெல்லாம் தவறு என்று உங்களுக்கே தெரியும். அதைப் பற்றிப் பேசப்போவதில்லை. உழைத்து எழுதிய பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு.

ஒரு பாடத்தின் அனுமதியை அடுத்த பாடத்துக்குக் கொண்டுபோவது

செயற்கை நுண்ணறிவு (ஏஐ) கருவிகளைப் பற்றி, மலேசியாவில் உயர்கல்வித் தகுதிகளை அங்கீகரிக்கும் அமைப்பான எம்.கியூ.ஏ. 2023இல் ஓர் ஆலோசனைக் குறிப்பு வெளியிட்டது. அப்புறம் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென ஒரு கொள்கை வைத்துக்கொண்டது. ஆனால் உங்கள் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும் வரி அந்தக் கொள்கையில் இருப்பது அபூர்வம். அது பாடத்திட்டத் தாளிலோ அந்த இடுபணியின் கேள்வித்தாளிலோ இருக்கும். சந்தையியல் பாடத்தில் ‘யோசனை திரட்டப் பயன்படுத்தலாம்’ என்று இருக்கும். அதே செமஸ்டரில் ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் ‘எந்த வகையிலும் கூடாது’ என்று இருக்கும். இரண்டையும் படியுங்கள். எதுவும் எழுதியிருக்காவிட்டால் விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். வகுப்பு முடிந்து நடந்துகொண்டே கேட்ட பதில் பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

‘திருத்தம்தானே, அது பயன்பாடு இல்லை’ என்று நினைப்பது

இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. பாதி என் மேல்.

முதுகலை இரண்டாம் செமஸ்டர். பகலில் அலுவலகம், இரவில் படிப்பு. தோட்டங்களை விட்டு கோலாலம்பூர் அடுக்குமாடிகளுக்கு வந்த குடும்பங்களைப் பற்றி 3,000 சொல்லில் ஆங்கிலக் கட்டுரை. தகவல் திரட்டியது நான், எழுதியது நான், பாட்டியிடம் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கதை கேட்டதும் நான். ஆனால் தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவளுக்கு ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு கூச்சம் இருக்கும் பாருங்கள், அது எனக்கு இருந்தது. சமர்ப்பிக்கும் இரவு ஒவ்வொரு பத்தியாக சாட்ஜிபிடியில் போட்டு ‘இதை மேம்படுத்து’ என்றேன்.

மேம்படுத்தியது. ‘இருக்கலாம்’ என்று நான் தயங்கி எழுதிய இடமெல்லாம் ‘நிரூபிக்கிறது’ ஆனது. பாட்டி சொன்ன லைன் வீடு ‘தொழிலாளர் தங்குமிட வசதி’ ஆனது. குழாயடிச் சண்டை ‘வளப் பகிர்வு முரண்பாடு’ ஆனது. படிக்கும்போது யாரோ பெரிய ஆள் எழுதியது போல இருந்தது. அந்தப் பெரிய ஆள் நான்தான் என்று நம்பிவிட்டேன். நள்ளிரவுக்கு 20 நிமிடம் இருந்தது. முகப்புத் தாளில் இரண்டு கட்டங்கள்: செயற்கை நுண்ணறிவு பயன்படுத்தினேன், பயன்படுத்தவில்லை. இரண்டாவதில் டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். பொய் சொல்கிறோம் என்ற உணர்வே இல்லை. ‘பயன்படுத்துவது’ என்றால் ‘எழுத வைப்பது’ என்றுதான் என் மனதில் அர்த்தம்.

விசாரணையில் முதல் கேள்வி ‘பிரிகேரிட்டி’ என்றால் என்ன என்பது. நிலையில்லாத பிழைப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், என் கட்டுரையில் நான்கு இடத்தில் இருந்தது. எனக்குத் தெரியவில்லை. எதிரே இருந்தவர்களில் மூத்தவர் கோபப்படவே இல்லை. கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு முகப்புத் தாளை என் பக்கம் திருப்பி, “இது உங்கள் கையெழுத்துதானே?” என்றார். அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. அந்தப் பாடத்தில் மொழித் திருத்தத்துக்கு அனுமதி இருந்தது, சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. முதல் கட்டத்தில் டிக் போட்டு இரண்டு வரி எழுதியிருந்தால், மொழிக்குச் சில மதிப்பெண் குறைந்திருக்கலாம், அதோடு முடிந்திருக்கும். பொய் உறுதிமொழி என்பது தனிக் குற்றம். இடுபணிக்குப் பூஜ்யம், பாடத்தை மறுபடி எடுத்தேன், கட்டணமும் மறுபடி. பட்டமளிப்பு ஓராண்டு தள்ளிப்போனது. கிள்ளானில் இருக்கும் சித்தி வரை அம்மா ஏற்கெனவே தேதி சொல்லி வைத்திருந்தார்.

எனவே திருத்தத்துக்குக் கொடுக்கும்போது ‘மேம்படுத்து’ என்று கேட்காதீர்கள். ‘பிழைகளை மட்டும் சுட்டிக் காட்டு, வாக்கியத்தை மாற்றாதே’ என்று கேளுங்கள். அது காட்டியதை நீங்களே கையால் திருத்துங்கள். புரியாத சொல் ஒன்றுகூட உங்கள் கட்டுரையில் இருக்கக் கூடாது. அப்புறம் இப்படி எழுதுங்கள்: ‘என் சொந்த வரைவில் இலக்கணப் பிழைகளைக் கண்டுபிடிக்க சாட்ஜிபிடியைப் பயன்படுத்தினேன். இரண்டாம், நான்காம் பகுதிகளில் வாக்கியங்கள் மாறியுள்ளன. கருத்துகளும் மேற்கோள்களும் என்னுடையவை. திருத்தத்துக்கு முந்தைய வரைவு என்னிடம் உள்ளது.’ இதை எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

“நான் ஏஐ தொடவில்லை, கிராமர்லிதான்” என்று சொல்கிறவர்களுக்கு: இலக்கணம் திருத்தும் கருவியான கிராமர்லி 2023லிருந்தே முழு வாக்கியத்தையும் எழுதித் தரும் வசதியைச் சேர்த்துவிட்டது. குவில்பாட் உங்கள் பத்தியை வேறு சொற்களில் எழுதித் தருவதற்கென்றே இருக்கும் கருவி. தமிழிலோ மலாயிலோ எழுதி இயந்திரத்தை வைத்து ஆங்கிலமாக்குவதும் இதில்தான் சேரும். வரலாற்றுப் பாடத்தில் அதைச் சொல்லிவிட்டுச் செய்ய அனுமதி கிடைக்கலாம். ஆங்கிலப் பாடத்தில் மதிப்பிடுவதே உங்கள் ஆங்கிலத்தைத்தான், அங்கே அது கூடவே கூடாது.

வரைவுகளை அழிப்பது

அழிக்காதீர்கள்.

டர்னிட்டின் எண்ணுக்குப் பயந்து இன்னொரு தவறு செய்வது

பல்கலைக்கழகங்கள் கட்டுரைகளைச் சோதிக்கும் மென்பொருள் டர்னிட்டின். அதில் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று வேறு நூல்களோடும் இணையப் பக்கங்களோடும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது, பழைய எண். மற்றது 2023 ஏப்ரலில் வந்தது, இயந்திரம் எழுதியிருக்கக்கூடிய பகுதி எவ்வளவு என்ற ஊகம். இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘எனக்கு 18 சதவீதம் ஏஐ’ என்று அழுகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். அது பெரும்பாலும் ஒப்புமை எண்ணாகத்தான் இருக்கும். ஏஐ எண் 20க்குக் கீழே இருந்தால் டர்னிட்டின் இப்போது எண்ணைக் காட்டாமல் ஒரு நட்சத்திரக் குறி மட்டும்தான் போடுகிறது, அந்த அளவில் அதற்கே நம்பிக்கை குறைவு என்பதால்.

இந்தக் கருவிகள் தவறும். ஓப்பன்ஏஐ தானே வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியது என்று வந்தது. எளிய சொற்கள், ஒரே மாதிரி வாக்கியம், அதுதான் காரணம். நம் பிள்ளைகளின் ஆங்கிலமும் அப்படித்தானே இருக்கும்.

இதைக் கேட்டதும் சிலர் செய்வது ‘மனிதர் எழுதியது போல மாற்றித் தரும்’ தளங்களுக்குப் பணம் கட்டுவது. நீங்களே எழுதிய கட்டுரையைக் கொண்டுபோய் இயந்திரத்திடம் கொடுத்து, மனிதர் எழுதியது போல ஆக்கச் சொல்கிறீர்கள்! அந்தக் காசுக்கு நாலு நாள் நாசி லெமாக் சாப்பிடலாம். எண்ணுக்கு எதிராக உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி, கட்டுரை வளர்ந்த தடம்தான். கூகுள் டாக்ஸிலோ, ஒன்டிரைவில் சேமித்த வேர்டு கோப்பிலோ முதல் வரியிலிருந்தே எழுதினால் பதிப்பு வரலாறு தானாகச் சேரும். வேறெங்கோ எழுதி மொத்தமாக ஒட்டினால் அந்த வரலாறும் ஒரே நிமிடத்தில் 3,000 சொல் பிறந்ததாகக் காட்டும்.

சீனியர் சொன்னதை விதியாக எடுத்துக்கொள்வது

விசாரணைக்கு சீனியர் வரமாட்டார்.

மேற்கோளைச் சரிபார்க்காமல் விடுவது

தமிழ் இலக்கியப் பாடம் எடுத்த ஒரு தம்பி நட்பைப் பற்றி எழுதிய கட்டுரையைக் காட்டினான். அதில் குறள் 1342. மொத்தமே 1,330 தான். எண்ணை விடுங்கள், குறளிலாவது முதல் அடியில் நாலு சீர், இரண்டாவதில் மூன்று இருக்க வேண்டுமே. இவன் வைத்திருந்ததில் இரண்டாம் அடியில் ஐந்து. “கேட்க நல்லாதான்க்கா இருந்துச்சு” என்றான். ஆங்கிலக் கட்டுரைகளிலும் இதே கதைதான், அங்கே இல்லாத ஆய்விதழ்கள் முளைக்கும். 2023 ஜூனில் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்களும் அவர்களின் நிறுவனமும் சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் கொடுத்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். மேற்கோள் காட்டும் நூலைத் திறந்து பக்கத்தைப் பாருங்கள். திறக்க முடியாத நூல் பட்டியலில் வேண்டாம்.

நேர்காணலை அப்படியே பதிவேற்றுவது

களப்பணி செய்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். பூக்கடை அக்காக்களின் பேச்சை எழுத்தாக்கி, பெயர், வீட்டு விவரம் எல்லாவற்றோடும் சுருக்கம் கேட்டு இயந்திரத்தில் போட்டுவிட்டு வந்தாள் ஒரு மாணவி. ‘உங்கள் விவரம் என்னைத் தவிர யாரிடமும் போகாது’ என்று அவர்களிடம் கையெழுத்து வாங்கியிருந்ததும் அவள்தான். இது ஏஐ விதியையும் தாண்டி ஆய்வு நெறிக்குழுவுக்குப் போகும்.

கடிதம் வந்ததும் ஒளிந்துகொள்வது

பதில் சொல்லக் கொடுத்த தேதிக்குள் பதில் போடுங்கள். என்ன செய்தீர்கள், எந்தக் கருவி, எந்தப் பகுதி என்று நடந்தபடியே எழுதுங்கள். விசாரணைக்கு மடிக்கணினியை எடுத்துப்போங்கள், வரைவுகளை முன்கூட்டியே திறந்து வையுங்கள், ஓர் அச்சுப் பிரதியும் கையில் இருக்கட்டும். சார்ஜரை மறக்க வேண்டாம். திருத்துவதற்கு முந்தைய வரைவை எனக்கே அனுப்பிய பழைய மின்னஞ்சலைத் தேடிக் கண்டுபிடித்து, “இதோ பாருங்கள்” என்று நான் திரையைத் திருப்பியபோது, என்னுடையது அணைந்துவிட்டது.